ஹெப்சி அக்கா வாசப்படி ஏறுவது தொடர்பாக மாமாவுக்கு

காட்டாங்குளத்தூர்,
ஞாயிறு மாலை.

பெருமதிப்பிற்குரிய மாமா துரைராஜ் அவர்களின் சமூகத்திற்கு, மூத்த மாப்பிள்ளை தினகரன் பணிவுடன் எழுதுவது.

இங்கே நான், ஓவியா, பாப்பா மூவரும் தண்ணீர் லாரி வரும் நாட்களில் நன்றாகவும் வராத நாட்களில் சுமாராகவும் இருக்கிறோம். அங்கே தங்கள் சர்க்கரை, அத்தையின் முழங்கால், தமிழினியின் கால் வீக்கம், போர் மோட்டார் எல்லாம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

தினமும் காலையில் பாப்பாவை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிறவன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் கேட்கலாம். நேரில் பேச வாயைத் திறந்தால் தாங்கள் மோட்டார் போடப் போய்விடுகிறீர்கள். போன் செய்தால் "டவர் இல்ல, டவர் இல்ல" என்கிறீர்கள். உங்கள் மொட்டைமாடியிலேயே ஒரு செல்போன் டவர் வாடகைக்கு நிற்கிறது மாமா. வாட்ஸ்அப்பில் எழுதினால் பதிலுக்கு ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வருகிறது. காகிதத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தபாலில் வந்தால்தான் தாங்கள் எதையும் மதிப்பீர்கள்; பட்டா மாறுதலுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்று அத்தை சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இது.

விஷயம் என்னவென்றால், தங்கள் இளைய மகள் தமிழினிக்கு அடுத்த மாதம் பிரசவம். தலைப்பிரசவம் என்பதால் முறைப்படி சிங்கப்பெருமாள் கோவிலில் உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கிரீஷுக்குப் புனேயில் வேலை. பிள்ளை பிறந்து, போட்டோ அனுப்பி, அதை மேலாளர் பார்த்து உருகிய பிறகுதான் அவருக்கு லீவு கிடைக்கும். அவளுக்கு ஹெப்சி அக்கா கூட இருக்க வேண்டும் என்று ஆசை. ஏழாம் மாதத்தில் அதைச் சொல்லி அவள் ஓவியாவிடம் அழுததை என் காதால் கேட்டேன். தங்களிடம் கேட்க அவளுக்குப் பயம். அதனால் போன வாரம் நானே போனில் கேட்டேன். அன்றைக்கு மட்டும் டவர் இருந்தது. தாங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று வரக்கூடாது: "அந்தப் பொம்பள என் வூட்டு வாசப்படி ஏறக் கூடாது. ஜெபம் கிபம்னு ஒரு பேஜாரும் வேணாம். நம்ம வூட்டுப் பொம்பளைங்கோ இன்னா, இவுங்கள வச்சிக்கினா பெத்தாங்கோ?"

இல்லாமல்தான் பெற்றார்கள். எப்படிப் பெற்றார்கள் என்பதைக் கீழே சொல்கிறேன். தங்களுக்கும் தெரியும்.

ஹெப்சி அக்கா ஒரு டூலா. டூலா என்றால் யார் என்று தங்களுக்குப் பலமுறை சொல்லியாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் "நர்ஸா?" என்று கேட்டீர்கள். நர்ஸ் இல்லை. மருத்துவச்சியும் இல்லை. ஊசி போடமாட்டார், பிள்ளையை எடுக்கமாட்டார். வலி எடுக்கும் பெண்ணின் பக்கத்தில் வலி முடியும்வரை இருப்பார். முதுகைத் தேய்ப்பது, மூச்சு விடச் சொல்லிக்கொடுப்பது, தண்ணீர் கொடுப்பது, டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனதைத் திரும்பக் கேட்டு மெதுவாகச் சொல்வது, பயமாக இருக்கிறது என்றால் இருக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொள்வது. அவ்வளவுதான் வேலை. "இதுக்கு ஒரு ஆளா?" என்றீர்கள். ஆமாம் மாமா. தாங்கள் ஒரு மனையைப் பதிவு செய்யப் போனால் கூடவே புரோக்கர், பத்திரம் எழுதுகிறவர், சாட்சிகள், சும்மா வருகிற பங்காளி என்று ஒரு வேன் ஆள் வருகிறது. ஒரு உயிரைப் பெறுகிறவளுக்கு ஒரே ஒரு ஆள் கூடாதா?

ஓவியா மாசமாக இருந்த அந்த வருஷத்தை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரிய சந்தோஷமான வருஷம் ஒன்றும் இல்லை. இதே இரண்டாம் மாடி, இதே தண்ணீர் லாரி, கம்பெனியில் அப்போதும் நான் 'டிரெய்னி' தான். ஆறு வருஷமாக ஒரே போல்ட்டை முடுக்கப் பயிற்சி எடுக்கிறவன் இந்த மறைமலை நகரில் நான் ஒருவன் இல்லை, ஆயிரம் பேர் இருக்கிறோம். தாங்கள் நெல் போட்ட நிலத்தில்தான் எங்கள் கம்பெனியின் கோடவுன் நிற்கிறது; அதில் தங்களுக்கு வாடகை, எனக்கு முதுகுவலி. ஆனாலும் அந்த வருஷத்தில் வியாழக்கிழமை மாலை என்று ஒன்று இருந்தது. காலேஜ் பிள்ளைகள் கும்பல் கும்பலாக டீக்கடைகளை மொய்க்கும் நேரத்தில், மேற்குத் தாம்பரத்திலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து கீழே இருமிவிட்டு நிற்கும். ஹெல்மெட்டில் தேவதை ஸ்டிக்கர். "பெருங்களத்தூர்ல செம டிராஃபிக் தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஹெப்சிபா அக்கா மூச்சு வாங்க மாடி ஏறுவார். ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. எப்போதாவது நாள் மாறி, பெருங்களத்தூரில் டிராஃபிக் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வந்தாலும் அதே பெருங்களத்தூர்தான் காரணம்.

முதல் நாள் நான் வாசலை மறித்துக்கொண்டு சட்டம் பேசினேன். "இங்க பாருங்க, எனக்கு சாமி கீமி கிடையாது. இவ அப்பாவுக்குப் பெருமாளு, உங்களுக்கு ஏசு, எனக்கு ரெண்டு பேரும் வேணாம். வூட்டுக்குள்ள ஜெபம் பண்ணக் கூடாது."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "சரி தம்பி, உங்க வீடு. சத்தம் போட்டுப் பண்ண மாட்டேன். ஆனா நான் உள்ள வந்தா அவரும்தான் வருவாரு. செருப்பு மாதிரி வெளிய விட்டுட்டு வர முடியாதே" என்றார். ஓவியா சிரித்தாள். மாசமானதிலிருந்து வாந்தியைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காதவள். அந்தச் சிரிப்புக்காகவே நான் வழிவிட்டேன். கொள்கையை விட்டுக்கொடுத்தேன் என்று தாங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

டீ கொடுத்தால் அக்கா டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். உதடு மட்டும் அசையும். யாருக்காகவெல்லாம் வேண்டுவாரோ, முடிவதற்குள் டீயில் ஆடை கட்டிவிடும். கண்ணைத் திறந்து, ஆடையை விரலால் வழித்து ஓரமாகப் போட்டுவிட்டு, "ஆமென். சர்க்கரை கம்மி" என்பார். அதன் பிறகு பாயை விரித்து ஓவியாவுக்கு மூச்சுப் பயிற்சி. "புருஷனும் கத்துக்கணும்" என்று என்னையும் உட்காரவைத்தார். நான் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருந்தேன். "ஹூ ஹூ ஹூ" என்று ஊதிக்கொண்டே இருந்தவன், கண் இருட்டி, ஓவியாவின் மடியில் போய் விழுந்தேன். "வலி அவளுக்குத்தானே வரணும், நீங்க ஏன் தம்பி முந்துறீங்க?" என்று அக்கா முகத்தில் தண்ணீர் அடித்தார். கம்பெனி சூப்பர்வைசரிடம் பிரசவத்துக்கு லீவு கேட்டபோது அவன் "நீயாடா பெத்துக்கப் போற?" என்றான். இந்த நாட்டில் ஒரு ஆண் தன் பிள்ளை பிறக்கும் விஷயத்தில் சம்பந்தப்பட்டவன் என்று என்னை நடத்திய ஒரே ஆள் ஹெப்சி அக்காதான். மயங்கி விழுந்தாலும் பரவாயில்லை என்று நடத்தினார்.

பிறகு பந்து வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் உட்கார்ந்து இடுப்பை ஆட்டுவதற்கான பெரிய ரப்பர் பந்து. ஓவியா அதற்குள் ஏழாம் மாதம் முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் தாம்பரத்தில் வாங்கினேன். பம்பு வாங்கினால் தனி விலை என்றார் கடைக்காரர். "இங்கியே காத்தடிச்சித் தரேன் சார், ஃபிரீ" என்றார். இலவசம் என்றதும் மூளை நின்றுவிட்டது. கோயில் அண்டா அளவு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆபீஸ் விடும் நேரத்தில், செங்கல்பட்டு வண்டியில் ஏறினேன். "இன்னாபா, பூமிய தூக்கிக்கினு எங்க கெளம்பிட்ட?" என்றார் ஒருவர். "அதுக்கும் டிக்கெட் எடுத்தியா?" என்றார் இன்னொருவர். கூடுவாஞ்சேரி வரை ஒரு பூக்கார அக்கா அதன் மேல் சாய்ந்து தூங்கிவிட்டார், எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் படிக்கட்டு இறங்கும்போது கை வழுக்கிவிட்டது. ஒவ்வொரு படியிலும் எகிறி எகிறி இறங்கி, ஜனங்கள் எல்லாம் விலகி வழிவிட, அது நேராகப் போய் உங்கள் எதிர்வீட்டுக்காரரும் தெருக் கோயில் கமிட்டியின் செயலாளருமான பத்ரியின் காலடியில் நின்றது. "இன்னா தினா, வெடிக்குமா இது?" என்று அவர் இரண்டு அடி தள்ளி நின்று கேட்டார். அன்றிலிருந்தே அவருக்கு எங்கள் மேல் சந்தேகம்.

தங்கள் வீட்டில் அந்தப் பந்துக்கு நடந்த மரியாதை எனக்கு மறக்காது மாமா. கண்ணு பட்டுவிடும் என்று தாங்களே அதற்கு மையால் திருஷ்டிப் பொட்டு வைத்தீர்கள். ஓவியா உட்கார்ந்ததைவிட அத்தை அதிகம் உட்கார்ந்தார்கள். சீரியல் முடியும்வரை அதன் மேல் ஆடிக்கொண்டே மொச்சை உரித்தார்கள். ஹெப்சி அக்கா அப்போதெல்லாம் உங்கள் முன்வாசல் வழியாகத்தான் வந்தார். "எக்சசைஸ் டீச்சர்" என்று தாங்கள் நாற்காலி எடுத்துப் போட்டீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அக்காவும் அத்தையும் ஊர்க் கதை பேச, ஓவியா கால் நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்க, தாங்கள் காது கேட்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டே ஒவ்வொரு கதைக்கும் சரியான இடத்தில் "த்சொ" கொட்டியது எல்லாம் எனக்குத் தெரியும்.

நாற்காலி போனது எண்ணெயால். அக்கா ஒருநாள் முதுகுக்குத் தேய்க்கும் ஆலிவ் எண்ணெய் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு வழக்கம்போலக் கண்ணை மூடினார். டீ வந்திருந்தது, டீக்காக மூடினார். தாங்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, எண்ணெய்க்குத்தான் ஜெபம் நடக்கிறது, அதைத் தேய்த்தால் பிள்ளை பிறக்கும்போதே ஞானஸ்நானத்தோடு பிறக்கும் என்று முடிவு செய்தீர்கள். அன்றே பாட்டிலைக் காலி செய்து, நரசிம்மர் சன்னதி விளக்கிலிருந்து வாங்கி வந்த நல்லெண்ணெயை ஊற்றி வைத்தீர்கள். எடுத்த ஆலிவ் எண்ணெயைக் கீழே கொட்டவும் தங்களுக்கு மனசு வரவில்லை, விவசாயி மனசு. சமையற்கட்டில் கிண்ணத்தில் வைத்தீர்கள். அத்தை அதை எடுத்துப் பெருமாள் விளக்கில் ஊற்றிவிட்டார்கள். ஒரு வாரம் நம் வீட்டுப் பெருமாள் ஏசுவின் எண்ணெயில்தான் எரிந்தார். நன்றாகவே எரிந்தார்.

இனி அந்தச் சனிக்கிழமை. "திங்கக்கிழமை வரைக்கும் ஒண்ணும் ஆகாது, நிம்மதியா டிபன் சாப்பிடுங்க" என்று அக்கா போனில் சொல்லி முடிப்பதற்குள் ஓவியாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. அக்கா பெரிய தீர்க்கதரிசி இல்லை என்பதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். ஜி.எஸ்.டி. ரோட்டு ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்தோம். நான் கம்பெனி யூனிஃபாரத்தோடு, தாங்கள் பளிச்சென்று திருமண்ணோடு, அக்கா பெருங்களத்தூரைத் தாண்டி எப்படியோ பறந்து வந்து. பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் மட்டும் என்பது அங்கே விதி. அத்தைதான் போக வேண்டும் என்று தாங்கள் சொன்னீர்கள். அத்தை போனார்கள். போன வேகத்தில் ஓவியாவைவிடப் பெரிய சத்தமாக அழுதுகொண்டு வெளியே வந்தார்கள், நர்ஸ் பின்னாலேயே வந்து "இவங்கள புடிச்சி உக்கார வைங்க, எங்களுக்கு ரெண்டு பேஷண்ட் ஆகுது" என்றார்.

"இன்னாடி ஆச்சு?" என்று தாங்கள் கேட்டீர்கள்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்கள். ஓவியா பிறந்தபோது, வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில், வலி தாங்காமல் கத்தியதற்கு அங்கிருந்த ஆயா தொடையில் பளாரென்று அடித்து, அசிங்கமாக ஒன்று கேட்டாளாம். அதை இங்கே எழுத மாட்டேன். நம் ஊரில் பெற்றவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், ஆண்களுக்கு மட்டும் தெரியாது. "அந்த ரூமப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலய்யா" என்றார்கள்.

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?" என்றீர்கள்.

"நீ கேட்டியா?" என்றார்கள் அத்தை.

மாமா, ஓவியாவுக்கு அந்தக் கதை தெரியும். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே அத்தை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் டூலா வேண்டும் என்று அடம்பிடித்தது பேஷனுக்காக இல்லை, வீடியோ பார்த்துக் கெட்டுப்போனதால் இல்லை. அந்த அடி தன் தொடையில் விழக் கூடாது என்பதற்காக. தமிழினிக்கும் அந்தக் கதை தெரியும். அவள் இப்போது எதற்குப் பயப்படுகிறாள் என்று நினைக்கிறீர்கள்? வலிக்கா?

சரி. அன்று செக்யூரிட்டி ராஜகோபால் கதவில் நின்றார். நான் அக்காவின் காதில் "சித்தின்னு சொல்லுங்க அக்கா" என்றேன். "பொய் சொல்லக் கூடாதே தம்பி" என்று அந்த நேரத்திலும் அக்கா இழுத்தார். பொய் எனக்கு வரும், ஆனால் கான்ட்ராக்ட் யூனிஃபாரம் போட்டவன் சொன்னால் உண்மையையே யாரும் நம்புவதில்லை. ராஜகோபால் "சொந்தக்கார லேடீஸ் மட்டும்தான் மேடம்" என்று குறுக்கே கையை நீட்டினார். அப்போது உள்ளேயிருந்து யாரோ "ஏம்மா இந்தக் கத்து கத்துற?" என்று அதட்டும் சத்தம். அதற்குப் பின்னாலேயே ஓவியாவின் குரல். அம்மா என்று கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. "ஹெப்சிக்கா!" என்றாள்.

தாங்கள் எழுந்ததை நான் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஹெப்சி அக்காவைக் காட்டி, "யோவ், அது என் மூத்த பொண்ணுய்யா. உள்ள உடு" என்றீர்கள்.

ராஜகோபால் தங்கள் நெற்றியைப் பார்த்தார். அக்காவின் கழுத்தைப் பார்த்தார். "சார், சிலுவ போட்டுகினுகீறாங்களே?"

"போட்டுக்கட்டும். உன் வூட்டுல எல்லாரும் ஒரே செயினா போட்டுகினுகீறீங்க? உடுய்யா!"

"தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே ஓடினார். அதுவரை தங்களை அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்களுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியாது; எனக்கு விழுந்தது.

பிறகு வெகு நேரம் நாம் மூவரும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே எண்ணெய் வேலை செய்தது. "யாருமா இங்க வடை சுடறது?" என்று நர்ஸ் கேட்டதும், தாங்கள் மின்விசிறியைப் பார்த்ததும் ஞாபகம் இருக்கும். அக்காவுக்கு மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டதாம். "வழுக்குச்சு தம்பி, அது போதும், சாமி எதுவா இருந்தா இன்னா?" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அதட்டல் சத்தம் அதன் பிறகு வரவில்லை. ஒரு முனகல் மட்டும் வந்தது. அக்கா ஏதோ சர்ச் பாட்டைச் சொல்லே இல்லாமல், ராகத்தை மட்டும், கொஞ்சம் சுருதி விலகி, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி முனகிக்கொண்டே இருந்தார். ஓவியாவின் சத்தம் ஏறும்போது அதுவும் ஏறும், இறங்கும்போது இறங்கும். அத்தை அழுகையை நிறுத்தினார்கள். தாங்கள் கதவில் நெற்றியை வைத்து நின்றீர்கள். விலகி வந்தபோது கதவில் திருமண் ஒட்டியிருந்தது. மத்தியானம் பாப்பா பிறந்தாள். அக்கா தலை கலைந்து, பிரகாரம் மாதிரி மணந்துகொண்டு வெளியே வந்து, "எண்ணெய் சூப்பர்ப்பா. எந்தக் கடை?" என்று கேட்டார்.

அங்கேயே இந்தக் கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. ராஜகோபால் பத்ரிக்குத் தூரத்துச் சொந்தமாம். பேர் வைப்பதற்குள் தெரு முழுக்க "துரைராஜ் வூட்டுல சிலுவ போட்ட பொண்ணு ஒண்ணு கீதாம், மதம் மாறிட்டாங்களாம்" என்று பரவிவிட்டது. தங்களுக்குக் கமிட்டியில் தலைவர் பதவி வர இருந்த நேரம். அக்காவைப் பேர் வைக்கிற விழாவுக்கு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னீர்கள். "பரவாயில்ல தம்பி, அப்பாவுக்குச் சங்கடம் வேணாம்" என்று குல்லாய் ஒன்று பின்னிக் கொடுத்தனுப்பினார். இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் மாமா. உயிர் போகும் நேரத்தில் யார் தண்ணீர் கொடுத்தாலும் குடிப்போம், தாகம் தீர்ந்ததும் டம்ளர் யாருடையது என்று விசாரிப்போம். பத்ரியின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று போய்ப் பாருங்க. காலையில ஜெபம் பண்ணாம அங்க மணியே அடிக்காது.

அதற்கப்புறம் வியாழக்கிழமை மாலை எங்கள் தெருவில் ஸ்கூட்டர் இருமுவதில்லை. டீயை முன்னால் வைத்தால் நான் இப்போதும் ஆடை கட்டும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஓவியா "ஜெபமா?" என்று கிண்டல் செய்கிறாள். பழக்கம், வேறொன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. இதை நான் வருஷக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்திருப்பேன், தாங்கள்தான் சொல்ல வைக்கிறீர்கள். போன மாதம் ஷிஃப்ட் சீக்கிரம் விட்டு, பாப்பாவை எடுக்க வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தூளிக் கயிறு கிரீச் கிரீச் என்றது. தாங்கள் தூளியை ஆட்டிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தீர்கள். மாமா, அது பாசுரம் இல்லை. பஜனைப் பாட்டும் இல்லை. அந்தக் கதவுக்கு வெளியே நின்றவன் நான், எனக்கு அந்த ராகம் தெரியும். ஒரு கிறிஸ்தவப் பொம்பளை பாடின பாட்டில்தான் உங்க பேத்தி தினமும் தூங்குகிறாள், பாடுகிறவர் தெருக் கோயில் கமிட்டித் தலைவர் நீங்க! இது பத்ரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? நான் மிரட்டவில்லை. கேட்கிறேன். பாட்டு உள்ளே வரலாம், பாடினவங்க வாசப்படி ஏறக் கூடாதா? தமிழினி அந்த அறைக்குள்ள தனியா போகணுமா?

யோசித்து நல்ல பதில் சொல்லுங்கள். காலை வணக்கம் அனுப்ப வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கங்களும், அவர்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பும். தமிழினிக்குத் தைரியம். பந்தில் காற்று இறங்கியிருந்தால் நான் வந்து அடித்துத் தருகிறேன், இப்போது பம்பு வாங்கிவிட்டேன். தாங்கள் பல்லாண்டு நோயில்லாமல் இருந்து எங்களைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தங்கள் அன்பும் கோபமும் உள்ள மாப்பிள்ளை,
தினகரன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டிய பிறகு ஓவியா வந்து "யாருக்கு?" என்றாள். சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெப்சி அக்கா போன மாதத்திலிருந்து சனிக்கிழமை தோறும் உங்கள் வீட்டுக்கு வருகிறாராம். கூப்பிட்டது தாங்களாம். அதுவும் முதலில் தமிழினிக்காகக் கூட இல்லையாம்: தங்களுக்குப் பாட்டில் இரண்டு வரிதான் தெரியும், அது தீர்ந்ததும் பாப்பா முழித்துக்கொள்கிறாள், மீதி எப்படிப் போகும் என்று கேட்பதற்காகவாம். தமிழினி அழுதது உண்மை, ஆனால் அது பழைய கதையாம். அன்று போனில் தாங்கள் அப்படிக் கத்தியது பத்ரி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாலாம். பிரசவத்துக்கு அக்காதான் உள்ளே போவதாக எல்லாம் பேசி முடித்தாயிற்றாம். அத்தைக்குத் தெரியும், தமிழினிக்குத் தெரியும், புனேயில் இருக்கிற கிரீஷுக்குத் தெரியும். "மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்லாத, அவன் பெருசா பேச ஆரம்பிச்சி காரியத்தக் கெடுத்துருவான்" என்றீர்களாம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளவும். படித்திருந்தால் மன்னிக்கவும். பத்ரியிடம் சொல்லமாட்டேன்.

ஆனால் ஓவியா இன்னொன்றும் சொன்னாள். எதிர்வீட்டிலிருந்து பத்ரி பார்த்துவிடுவார் என்று அக்கா பின்பக்கச் சந்து வழியாக, செப்டிக் டேங்க் மூடி மேல் நடந்து, கொல்லைக் கதவால் உள்ளே வருகிறாராம். வாசப்படி ஏறவே இல்லை என்று தாங்கள் கமிட்டியில் சத்தியம்கூடச் செய்யலாம். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். மற்றதை எல்லாம் அடித்துவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வருகிற சனிக்கிழமை முன்கதவைத் திறந்துவைத்து, அந்த நாற்காலியை எடுத்துப் போடுங்கள். பத்ரி யார் என்று கேட்டால், மூத்த பொண்ணு வந்திருக்கு என்று சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு தடவை சொன்னதுதானே மாமா.